மேட்டுக்கும் ஊருக்கும் நடுவே: சத்தல்ஹூயுக் அகழாய்வும் இணையமும்

துருக்கியின் கொன்யாச் சமவெளியில் உள்ளது சத்தல்ஹூயுக். அதன் கிழக்கு மேட்டில் கி.மு. 7400 முதல் 6200 வரையிலான 18 புதிய கற்கால வாழ்விட அடுக்குகள் உள்ளன. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி எழுந்த, தெருக்கள் இல்லாத ஊர் அது. மக்கள் கூரைத் திறப்பின் வழியே ஏணியில் வீட்டுக்குள் இறங்கினார்கள். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கும் திண்ணைக்கும் அடியிலேயே புதைத்தார்கள். ஓர் அகழாய்வின் அன்றாட நடப்பை இணையம் வழியே பொதுமக்கள் முன் வைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று இங்குதான் நடந்தது. அது யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொல்லியலாளர் மக்களோடு பேசுவது இணையத்தோடு தொடங்கியதன்று. 1945இல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், பின்னர் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘அனிமல், வெஜிடபிள், மினரல்?’ நிகழ்ச்சியால் வீடுதோறும் அறிமுகமானார். 1954இல் பிரிட்டனில் ஆண்டின் தொலைக்காட்சிப் பிரமுகராகத் தேர்வானார். அந்த ஊடகத்தில் அறிஞர் பேசினார், நாடு கேட்டது. திரும்பக் கேள்வி கேட்க வழி இருக்கவில்லை.

சத்தல்ஹூயுக்கிலும் முதலில் இதே நிலைதான். 1961 முதல் 1965 வரை அங்கே தோண்டிய ஜேம்ஸ் மெல்லார்ட், தானியத் தொட்டி ஒன்றில் கிடைத்த சுடுமண் உருவத்தைத் தாய்த்தெய்வம் என்றார். இருபுறமும் விலங்குகள் நிற்க அமர்ந்திருக்கும் பெண் உருவம் அது. அவருடைய கட்டுரைகள் லண்டன் இதழ்களில் வண்ணப்படங்களோடு வெளிவந்தன. பின்னாளில் பெண் தெய்வ நம்பிக்கையாளர்கள் அந்த மேட்டைத் தலமாகக் கருதிப் பயணம் வரத் தொடங்கினார்கள்.

1993இல் இயன் ஹாடர் புதிய திட்டத்தைத் தொடங்கினார். 1995இல் மீண்டும் தோண்டினார்கள். விளக்கம் என்பது எல்லாம் முடிந்தபின் அறிக்கையில் எழுதுவதன்று, கொத்துக்கரண்டியின் நுனி மண்ணில் படும்போதே அது தொடங்கிவிடுகிறது என்பது அவர் வாதம். 1997இல் ‘ஆன்டிக்விட்டி’ இதழில் இதை விரிவாக எழுதினார். அதற்கேற்பத் தோண்டுபவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், குழியோரத்து விவாதங்களைக் காணொளியாகப் பதிந்தார்கள். நாட்குறிப்புகளும் தரவுகளும் திட்டத்தின் இணையதளத்தில் ஏறின.

இதன் புதுமையை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. வழக்கமான அகழாய்வு அறிக்கை ‘கண்டறியப்பட்டது’, ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினைகளால் ஆனது. கண்டறிந்தவர் யார், எத்தனை முறை கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதை அந்த வினைமுற்று விழுங்கிவிடும். நாட்குறிப்பிலோ ஐயமும் உண்டு, மறுநாள் அதைத் திருத்திக்கொண்டதும் உண்டு. முடிவை மட்டும் பார்த்து வந்த வாசகருக்கு முடிவெடுக்கும் வழியும் தெரிந்தது. என் பார்வையில், தொல்லியலுக்கு இணையம் அளித்த மிகப் பெரிய கொடை இதுதான்.

தெய்வ நம்பிக்கையாளர் ஒருவர் ஹாடருக்கு எழுதிய கடிதங்களும் அவர் தந்த பதில்களும் 1990களின் இறுதியில் அதே தளத்தில் வெளியாயின. ஆய்வாளரின் விளக்கத்துக்கு எதிரே ஒரு பக்தையின் விளக்கம், இரண்டும் எல்லோரும் படிக்கும் இடத்தில். வீலர் காலத்துத் தொலைக்காட்சியில் இது நடந்திருக்க முடியாது. ஆனால் அந்த உரையாடலில் சேர ஆங்கிலமும் கணினியும் வேண்டியிருந்தன.

மேட்டுக்கு மிக அருகிலுள்ள ஊர் குச்சுக்கோய். மிதவை முறையில் அலசிச் சலித்த மண்ணிலிருந்து எலும்புத் துணுக்கையும் கற்சில்லையும் பொறுக்கிப் பிரித்தவர்கள் அவ்வூர்ப் பெண்கள். மேட்டின் காவலாளியாக இருந்த சத்ரெத்தின் துரால் எழுதிய நினைவுக் குறிப்பு 2007இல் அச்சு நூலாக வந்தது. அகழாய்வில் ஊராரையும் பங்காளிகளாக்க முனைந்த சோன்யா அடலேய் அவர்களிடம் கருத்துக் கேட்டார். அந்த மேட்டைப் பற்றிய அடிப்படைச் செய்திகளே தங்களுக்குப் போதிய அளவு தெரியாது, முதலில் அது வேண்டும் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். அதிலிருந்து பிறந்தவை துருக்கி மொழிப் படக்கதைகளும் ஊர்த் திருவிழாவும். பத்தாண்டுக்கும் மேலாகக் கடல் கடந்தவர்களோடு பேசிவந்த இணையதளம், பக்கத்து ஊரோடு பேசியிருக்கவில்லை.

அதே காலத்தில் வேறொரு சோதனையும் நடந்தது. 2007இல் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரூத் டிரிங்கம் குழுவினர் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகில் சத்தல்ஹூயுக்கை ஒரு தீவாகவே எழுப்பினார்கள். எங்கிருந்தும் ஒருவர் அந்தத் தீவுக்குள் நுழைந்து உலவலாம். ஆனால் தீவு நின்றது ஒரு வணிக நிறுவனத்தின் வழங்கியில்; சில ஆண்டுகளில் அது மறைந்துவிட்டது. 9,000 ஆண்டு பழைய மண்வீட்டின் அடித்தளம் கொன்யாவில் இருக்கிறது. அதன் மின்னணு நகலின் ஆயுள் பத்தாண்டைக்கூட எட்டவில்லை.

ஹாடரின் 25 ஆண்டுத் திட்டம் 2018இல் நிறைவுற்றது. அத்தனை ஆண்டுத் தரவுகளையும் ஓர் ஆவணக் காப்பகமாக நிலைநிறுத்தும் முயற்சியும் நடந்தது. நாட்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தன் பாட்டி பொறுக்கியெடுத்த சில்லைப் பற்றி யார் என்ன எழுதினார் என்று குச்சுக்கோய்ச் சிறுமி ஒருத்தி தேட விரும்பினால், அவள் முதலில் அந்த மொழியைக் கற்க வேண்டும்.