75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம்



எங்கள் அம்மையார்குப்பத்தில் தறியோசை கேளாத தெரு அரிது. அத்தகைய தெருவொன்றில் நெசவு செய்யும் பெரியவர் ஒருவர் அண்மையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். என்னிடம் பயின்ற அவருடைய மகன் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டான். மேலும் ஆராய்ச்சி செய்ய ஒரு பல்கலைக் கழகம் இரண்டாண்டுகளுக்குச் சம்பளத்துடன் இடம் அளிக்க முன்வந்திருக்கிறது. “ஐயா, இது உத்தியோகமா, படிப்பா? இரண்டு வருஷம் முடிந்தால் என்ன கதி?” என்று அவர் கேட்டார். அவருக்கு நான் கூறிய வரலாற்றையே உங்களுக்கும் கூற விழைகிறேன்.

1912 மார்ச்சு மாதம் சீனிவாச இராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கணிதத்தில் அவர் மேதை, ஆனால் எஃப். ஏ. பரீட்சையிலோ தேறவில்லை. பகலெல்லாம் கணக்கேடு, எஞ்சிய பொழுதில்தான் கணிதம்.

1913 பெப்ருவரியில், வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர் இராமானுஜனின் குறிப்புகளைக் கண்டார். அத்துறையில் தமக்குத் தனிப்பயிற்சி இல்லையென்று ஒப்புக்கொண்ட அவர், இவ்விளைஞர் பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக் கழகம் உதவ வேண்டுமென எழுதினார். மார்ச்சில் கூடிய கணிதப் பாடக் குழு, மாதம் 75 ரூபாயாக இரண்டாண்டுகளுக்கு உதவலாம் எனப் பரிந்துரைத்தது.

இங்கேதான் விதி குறுக்கிட்டது. ஆராய்ச்சிச் சம்பளம் பெற எம். ஏ. பட்டம் வேண்டும், இராமானுஜனிடமோ எப்பட்டமும் இல்லை. ஏப்ரலில் ஆட்சிக் குழு கூடியபோது, நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் சட்டத்தின் முகப்புரையைச் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றன்றோ? அந்நோக்கத்தை நிறைவேற்றப் பிறந்ததே விதி; அதைத் தடுக்கப் பிறந்ததன்று. குழு இசைந்தது. 1913 மே முதல் தேதி இராமானுஜன் ஆராய்ச்சி மாணவரானார்.

பல்கலைக் கழகம் அவரிடம் வேண்டியது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஓர் அறிக்கை. அவர் மூன்று அறிக்கைகள் அளித்தார். தொகையீடுகளைப் பற்றி அவற்றில் அவர் எழுதியவை பிற்காலக் கணித அறிஞர்களாலும் ஆராயப்பட்டன. இரண்டாண்டு முடியுமுன்னரே, 1914 மார்ச்சு 17-ல், அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அப்பயணத்திற்கும் சென்னைப் பல்கலைக் கழகமே ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. 1918-ல் அவர் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். பல்கலைக் கழகம் அன்று இராமானுஜனுக்கு அளித்தது நிலையான உத்தியோகமன்று, சிந்திப்பதற்கான காலம். டாக்டர் பட்டத்திற்குப் பின் வரும் இக்கால ஆராய்ச்சிப் பதவியும் அத்தகையதே. திட்டத்தின் பணம் முடிந்தால் பெரும்பாலும் பதவியும் முடியும். ஆகவே, எத்தனை ஆண்டு, எவர் பணம், எவர் வழிகாட்டி, சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட இடமுண்டா என்பனவற்றை முன்னரே கேட்டறிதல் அறிவுடைமை.

“இரண்டு வருஷத்திற்குப் பிறகு?” என்று பெரியவர் மீண்டும் கேட்டார். உறுதி கூற என்னால் இயலவில்லை. 1913-ல் இராமானுஜனுக்கும் எவரும் அவ்வுறுதியைக் கூறவில்லை என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பாவு போட்டாயிற்று, நெய்துதான் பார்க்க வேண்டும்” என்று எழுந்து சென்றார். மகன் சென்ற வாரம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டான்.