தடித்த எழுத்துருவில் சுழியும் புள்ளியும்

இந்திய எழுத்துகளை ஒரே அமைப்பில் அடக்கும் முயற்சியில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஜிஸ்ட் பணி, 1988இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக் மையத்தில் தொடர்ந்தது. 1991இல் தரப்படுத்தப்பட்ட இஸ்கி குறியீட்டில் தேவநாகரிக் ககரமும் தமிழ்க் ககரமும் ஓரெண் பெற்றன. வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் தமிழில் வெறுமையாக விடப்பட்டன. யூனிகோடின் தமிழ்ப் பகுதியும் இவ்வரிசையையே தழுவியது.

குறியீட்டில் கண்ட இந்த ஒருமையைத் தோற்றத்திலும் காண முயன்றது மும்பையின் ஏக் டைப் குழு. அக்குழு உருவாக்கிய 'பாலு', கனத்த உடலும் மென்மையான வளைவும் கொண்ட தலைப்பு எழுத்துரு. ஒன்பது இந்திய எழுத்துகளுக்கும் உருதுவுக்குமாக அமைந்த அதன் பெயர்கள் மொழியியலார்க்குச் சுவையானவை. இந்தியில் கரடியைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும் பாலு, தமிழில் 'பாலு தம்பி', தெலுங்கில் 'தம்முடு', கன்னடத்தில் 'தம்ம', மலையாளத்தில் 'சேட்டன்', வங்காளத்தில் 'தா' என வழங்குகிறது. முதல் மூன்றும் ஓரினச் சொற்கள், இளையவனைக் குறிப்பன. சேட்டனும் தாவும் மூத்தவனைச் சுட்டுவன. சொல்லைப் பெயர்க்காமல் விளிவழக்கைப் பெயர்த்திருக்கிறார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்வதும் இதுவே. (தேவநாகரி வடிவத்திற்கு மட்டும் உறவுமுறை இல்லை. மராத்தி, இந்தி, நேபாளி எனப் பல மொழிகள் அவ்வெழுத்தைப் பகிர்வது காரணமாகலாம்.)

வடிவத்தில் இத்தகைய பெயர்ப்பு அத்துணை எளிதன்று. தேவநாகரியில் தலைக்கோடு எழுத்துகளைப் பிணைக்கிறது. தமிழில் ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கிறது. கோடு தடிக்கும்போது எழுத்தின் உள்வெளி சுருங்குகிறது. இருசுழி னகரத்தையும் முச்சுழி ணகரத்தையும் பிரிப்பது ஒரு சுழியே. அது அடைபட்டால் மனம், மணம் என்னும் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் தடித்த ணகரம் அகன்றே தீரவேண்டும்.

புள்ளியின் நிலையும் இத்தகையதே. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி கூறினும், ஓலைச்சுவடிகளில் அது பெரும்பாலும் இடப்படவில்லை. படிப்போர் சூழல்கொண்டு உணர்ந்தனர். தனிச்சொல்லாக நிற்கும் விளம்பரத் தலைப்பில் அச்சூழல் கிடைப்பதில்லை. புள்ளி எழுத்தின் உடலோடு ஒட்டினால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். அதனைச் சற்று உயர்த்தி வைத்தால் வரிகளின் இடைவெளி கூடும். பன்மொழிச் சுவரொட்டியில் மராத்தி வரிக்கும் தமிழ் வரிக்கும் ஒரே உயரம் ஒதுக்குவோர் இதனைக் கருதுவதில்லை.

பின்னர் வெளிவந்த 'பாலு 2' ஐந்து பருமன்களை உடையது. பத்திகளுக்கு மெல்லிய பருமன் பொருந்தும். தடித்தது தலைப்புக்கு ஏற்றது. ஆயினும் தமிழ்ச் சொற்கள் நீண்டு வரியை மீறும்போது அச்சுக்கோப்போர் அளவைக் குறைத்துவிடுகின்றனர். அவ்வாறு குறைக்கையில் முதலில் அடைபடுவன ணகரத்தின் சுழிகளே. மொழிபெயர்ப்பாளர் தம் பணி கைப்படியோடு முடிந்ததென்று கொள்ளாமல், அச்சுப்படியையும் கேட்டுப் பெற்று இவ்விரு எழுத்துகளையாவது பார்த்தல் வேண்டும்.