மலைக்காற்றும் மருந்தும்: கொடைக்கானல் முதல் சேத்துப்பட்டு வரை நுரையீரல் நோய் பற்றிய புரிதலின் வரலாறு

முன்னுரை

பழனிமலைத் தொடரின் மேற்பகுதியில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல், உடல்நலம் நாடிச் சென்றோர் உருவாக்கிய ஊராகும். நல்ல காற்றே நோய் தீர்க்கும் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டில் மலைவாழிடங்களைத் தோற்றுவித்தது. பின்னர் காசநோய் மருத்துவத்தையும் அதுவே ஆட்கொண்டது. அக்கருத்தை முறையாகச் சோதித்த ஆய்வும் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. ஆனால் அது நிகழ்ந்த இடம் மலையன்று. சென்னையின் நெரிசல் மிகுந்த குடியிருப்புகள். இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கி, நுரையீரல் நோய் பற்றிய புரிதல் மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்களின் வழியே நோய்

ஈளை, இருமல், இரைப்பு, இளைப்பு, சயம், என்புருக்கி எனத் தமிழ் மருத்துவ மரபு நெஞ்சக நோய்களுக்குப் பல பெயர்களை வழங்கியுள்ளது. இவை நோயின் காரணத்தைவிட நோயாளி உணரும் குறிகளையே சுட்டுகின்றன. காசம் என்னும் சொல்லும் முதலில் இருமலையே குறித்தது. சித்த மருத்துவம் வழங்கும் சுவாசகாசம் என்னும் பெயரில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பின்னரே குறிகளைக் கொண்டு வகுத்த நோய், காரணத்தைக் கொண்டு வகுக்கப்பட்டது. காலப்போக்கில் காசநோய் என்பது அக்கிருமியால் வரும் நோய்க்கு மட்டுமே உரிய பெயராயிற்று.

மலையில் நலம் தேடியோர்

1821இல் நில அளவையாளர் பி. எஸ். வார்டு பழனிமலையை அளந்தார். மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பெரும் உயிரிழப்புக்கு ஆளாயினர். சிறுமலையில் தங்கும் முயற்சி அங்கும் நிலவிய காய்ச்சலால் பயனளிக்கவில்லை. எனவே அவர்கள் மேலும் உயர்ந்த இடத்தை நாடி, 1845இல் கொடைக்கானலில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரு இல்லங்களை அமைத்தனர்.

இம்முயற்சி நடைமுறையில் பயனளித்ததற்குக் காரணம் உண்டு. மலேரியாவைப் பரப்பும் கொசு குளிர்ந்த உயரங்களில் பெருகுவதில்லை. அங்கு நோய்க்கிருமியும் கொசுவின் உடலில் முதிர்ச்சி பெறுவது அரிது. ஆயினும் இக்காரணம் 1897இல் ரொனால்டு ராஸ் செய்த கண்டுபிடிப்பிற்குப் பின்னரே விளங்கியது. அதுவரை பெருமை முழுவதும் காற்றுக்கே சென்றது. காய்ச்சலிலிருந்து காத்த மலை நுரையீரல் நோயையும் தீர்க்கும் என்னும் முடிவு இவ்வாறு எளிதாயிற்று.

சானடோரியம்

தொடக்கத்தில் சானடோரியம் என்னும் சொல் மலைவாழிடங்களில் அமைந்த பொதுவான ஓய்விடத்தையே குறித்தது. ஐரோப்பாவில் கெர்பர்ஸ்டோர்ஃப், தாவோஸ் ஆகிய இடங்களில் எழுந்த நிலையங்களின் செல்வாக்கால் அது காசநோய் மருத்துவமனையைக் குறிக்கலாயிற்று. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் இத்தகைய நிலையத்தை நடத்தியவர் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து. காசநோய் எனக் கருதப்பட்ட நிலையில் கணிதமேதை இராமானுசன் 1917இல் அங்குச் சிகிச்சை பெற்றார். சவுரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு நிலையத்தை நிறுவினார். அது 1937இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. அப்பகுதியின் தொடர்வண்டி நிலையம் 'தாம்பரம் சானடோரியம்' என்றே வழங்குவது, ஒரு மருத்துவக் கொள்கை ஊர்ப்பெயராக உறைந்ததற்குச் சான்றாகும்.

ஓய்வு, ஊட்டமான உணவு, திறந்தவெளிக் காற்று ஆகியவையே இந்நிலையங்களின் மருந்துகள். இவற்றைப் பல மாதங்கள் பெறுவது வேலையை விட்டு விலக இயன்றவர்க்கே கைகூடும். படுக்கைகளோ நோயாளரின் எண்ணிக்கைக்கு ஈடாக ஒருபோதும் இருந்ததில்லை.

சேத்துப்பட்டில் ஒரு சோதனை

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் பயன்பாட்டுக்கு வந்தன. அவற்றை வீட்டிலிருந்தே உட்கொண்டால் நோய் தீருமா என்பதே ஏழை நாடுகளின் முன் நின்ற வினா. இதனை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. இராமானுசன் 1920இல் உயிர்நீத்ததும் சேத்துப்பட்டிலேயே.

நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர் நெருக்கமான தம் வீடுகளில், குறைந்த உணவுடன் வாழ்ந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவின்படி, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரிடமும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரிடமும் நோய் அடங்கியது. வீட்டில் உடனிருந்தோர்க்குத் தொற்றும் இடர் குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை. நோயைத் தீர்த்தது மருந்து, காற்றன்று. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது.

மலைக்காற்றின் மறுபக்கம்

கொடைக்கானலின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். நலமுடையோர் இதனைத் தாங்குவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடையோர்க்கு இதுவே மூச்சுத்திணறலை மிகுவிக்கக்கூடும். குளிர்காற்று ஆஸ்துமா நோயாளரின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். குளிருக்கு அடைத்த சிறு வீட்டுக்குள் விறகு எரிக்கும்போது, வெளியே காற்று எவ்வளவு தூயதாயினும் உள்ளிருப்போர் சுவாசிப்பது புகையையே. புகைபிடிக்காத பெண்களுக்கும் நாள்பட்ட அடைப்பு நோய் வருவதற்கு இத்தகைய அடுப்புப் புகை முதன்மைக் காரணமென மருத்துவ உலகம் இன்று ஏற்கிறது. ஓய்வுக்கு வந்தோரின் மலையும் அங்கேயே பிறந்து உழைப்போரின் மலையும் மூச்சைப் பொறுத்தவரை ஒன்றல்ல.

முடிவுரை

தொற்றுநோயும் நாள்பட்ட நோயும் முற்றிலும் தனித்தனியானவை அல்ல. காசநோய் தீர்ந்த பின்னும் தழும்புற்ற நுரையீரலால் ஆண்டுக்கணக்கில் இளைப்புறுவோர் உளர். கிருமியைக் கொல்ல மருந்து போதும். ஆனால் நுரையீரலைக் காக்க அடுப்பும் தொழிலிடமும் புகையற்றவையாதல் வேண்டும். காற்றின் தூய்மை குறித்த பழைய அக்கறை தவறன்று. அதனைத் தேடி மலையேறியதைவிட, ஒவ்வொருவரும் வாழும் வீட்டிலேயே அதனை உறுதிசெய்வதே பயன் தருவது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.