மத்தவிலாசம்: காஞ்சி மேடையில் குறையுள்ள மாந்தர்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆட்சி செய்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசம்' ஒரு பிரகசனம், அதாவது சமய வேடதாரிகளையும் ஊர்ப் பித்தர்களையும் கொண்டு நகைச்சுவை விளைவிக்கும் ஓரங்க நாடகம் ஆகும். காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டு இதனைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது.

நாடகத்தின் தலைவனான சத்தியசோமன் ஒரு காபாலிகன். மண்டையோட்டையே பிச்சைப் பாத்திரமாகக் கொண்ட சைவப் பிரிவைச் சேர்ந்தவன். துணைவி தேவசோமையுடன் காஞ்சி வீதிகளில் கள்வெறியோடு திரியும் அவன், கள்ளுக்கடையை வேள்விச் சாலைக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்த பின்னரே தன் கபாலம் தொலைந்திருப்பதை உணர்கிறான். அதில் வறுத்த இறைச்சி இருந்தமையால், அதை எடுத்தது நாயாகவோ பௌத்தத் துறவியாகவோ இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வணிகன் வீட்டு விருந்துணவைப் பாத்திரத்தில் மறைத்து எடுத்துச் செல்லும் நாகசேனன் என்ற பிக்குவோடு வழக்காடுகிறான். பாசுபதம் என்னும் வேறொரு சைவப் பிரிவைச் சேர்ந்த ஒருவன் நடுவனாக வந்தும் தீராத அவ்வழக்கு, நாயிடமிருந்து கபாலத்தைப் பறித்துக்கொண்ட பித்தன் ஒருவன் வந்து சேர்ந்ததும் முடிவுக்கு வருகிறது.

இவர்கள் வெறுப்புக்கு ஆளாகாமைக்குக் காரணம், குறையோடு கூடவே ஒரு பற்றும் ஒவ்வொருவரிடமும் காட்டப்படுவதேயாகும். போதையில் துணைவியின் பெயரை மாற்றி அழைத்துவிட்ட சத்தியசோமன், அன்றே குடியை விட்டுவிடுவதாகச் சொல்ல, குடியையும் உள்ளடக்கிய அவனது காபாலிக விரதம் தன்பொருட்டுக் கெட வேண்டாம் என்று அவளே தடுக்கிறாள். இந்த இடத்தில் குடிவெறியும் காதலும் பிரிக்க இயலாதவாறு கலந்து நிற்கின்றன. மதுவையும் மங்கையரையும் புத்தர் ஏன் விலக்கினார் என்று ஏங்கும் நாகசேனனும், அவ்விதியை முதிய துறவிகளே புகுத்தியிருக்க வேண்டும் என்று தனக்குள் எண்ணி ஆறுதல் தேடுகிறானேயன்றிப் பிறருக்குத் தீங்கு நினைப்பதில்லை. இறுதியில் காபாலிகன் பிக்குவிடம் பொறுத்தருளுமாறு வேண்ட, பகை எளிதில் கரைகிறது.

'மத்தவிலாசன்' என்பது மகேந்திரவர்மன் தானே பூண்ட விருதுப்பெயர்களுள் ஒன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது: குடியரின் கதைக்குத் தன் விருதையே சூட்டிய மன்னன், அவர்களை உயரத்திலிருந்து பழிக்கவில்லை. 1989இல் தொடங்கிய அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான 'தி சிம்சன்ஸ்'இல் வரும் ஹோமர், பெருந்தீனியும் சோம்பலும் உடையவனாக இருந்தும் குடும்பத்தின்மீது கொண்ட பாசத்தால் விரும்பப்படுவதும், குறையோடு பற்றும் சேர்ந்த இதே வகைப் படைப்பினால்தான். கேரளக் கோயில்களில் சாக்கியார் எனப்படும் கூத்தரின் கூத்தாக நிலைத்து, 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியால் அச்சேறிய இந்நாடகம், கோயிலாலும் பட்டாலும் அறியப்படும் காஞ்சிக்கு நகைச்சுவை வரலாற்றிலும் முதன்மையான ஓர் இடம் உண்டு என்பதற்குப் போதிய சான்றாகும்.