தாராவிக்கு வந்த நீலச் சொட்டு

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பேனர் அடிக்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். அறை முழுவதையும் மெஷினே அடைத்துக்கொண்டிருந்தது. பானை, கரும்பு, பொங்கி வழியும் நுரை, பின்னால் நீல வானம் என்று ரோல் மெதுவாக நகர்ந்து வந்தது. வானத்தின் குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததும் ஆபரேட்டர் தம்பி மெஷினை நிறுத்திவிட்டார்.

"சயான்ல ரெண்டு நாசில் போயிருச்சுண்ணே."

சயான் என்பது நீல மை, நாசில் என்பது அதைத் துப்பும் நுண்துளை. வரவேண்டிய இடத்துக்குச் சொட்டு வராததால் விழுந்த கோடு அது. அந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது, ஏன் சில நேரம் வர மறுக்கிறது என்று அன்று முதல் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் அதன் அளவு. இந்த மாதிரிக் கடைகளில் வெகுகாலம் ஓடிய கோனிகா 512 என்ற மை துப்பும் ஹெட்டில் 512 நாசில்கள் உண்டு. அதன் பெரிய வகையில் ஒவ்வொரு நாசிலும் ஒரு தடவைக்கு 42 பைக்கோ லிட்டர் மையை உதறும். ஒரு மில்லி லிட்டர் மையைப் பிரித்தால் இப்படி இரண்டு கோடிக்கு மேல் சொட்டுகள் கிடைக்கும். ஒன்றின் குறுக்களவு முடியின் பருமனில் பாதிதான் இருக்கும்.

அதன் நீலத்துக்கு வயது நூறை நெருங்குகிறது. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மௌத் சாயத் தொழிற்சாலையில், ஒரு கலனின் பூச்சு விரிசல்விட்டு இரும்பு கலந்ததில் எதிர்பாராத நீலப் பொருள் ஒன்று சேர்ந்தது. அதன் செம்பு வடிவம் 1935இல் விற்பனைக்கு வந்தது. தாலோசயனின் நீலம் என்பார்கள். வெயிலில் எளிதில் வெளுக்காது. இன்று குஜராத்தில் டன் டன்னாகத் தயாராகிறது. தாராவிக்குப் பக்கத்திலேயே மாட்டுங்காவில், 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய இன்றைய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் (ஐ.சி.டி.), துணிச் சாயத்தையும் நிறமியையும் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. பேனர் மைக்கு இந்த நீல நிறமியை ஒரு மைக்ரானுக்கும் கீழே அரைக்க வேண்டும். ஒரு துகள் பெருத்துப்போனாலும் நாசில் வாய் அடைத்துக்கொள்ளும்.

சொட்டை அடக்கும் முயற்சி அந்த நீலத்தைவிடப் பழையது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால், கம்பிபோல் இறங்கும் நீர் சிறிது தூரத்திலேயே முத்து முத்தாக உடைகிறதல்லவா, அதை 1833இல் பிரான்சின் இயற்பியலாளர் சவார் அளந்து எழுதினார். 1878இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே அதற்குக் கணக்குப் போட்டார். தாரையின் குறுக்களவைப் போல ஏறக்குறைய நாலரை மடங்கு நீளத்துக்கு ஒரு துண்டாக அது உடையப் பார்க்கும் என்றார். அதற்கு முன்பே, 1867இல், கெல்வின் பிரபு மின்னூட்டத்தால் மையைக் குழலிலிருந்து தாளுக்கு இழுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கடலடித் தந்திச் செய்திகளை எழுதப் பிறந்த கருவி அது. 1870இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்டதும் அப்படிப்பட்ட கேபிள்தான்.

இடையில் வந்தவர்களில் சுவீடனின் ரூனே எல்ம்க்விஸ்டை நான் மறக்க மாட்டேன். இதயத் துடிப்பை மைத் தாரையால் தாளில் வரைய அவர் செய்த கருவி 1950களில் மருத்துவமனைகளுக்குப் போனது. உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரை 1958இல் செய்தவரும் அவரே. தாளில் துடிப்பை எழுதவும் நெஞ்சில் துடிப்பைக் கொடுக்கவும் ஒரே மனிதர் வழி கண்டிருக்கிறார். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட், ஓடும் தாரையின் சொட்டுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து வேண்டிய பக்கம் திருப்பினார். பொட்டலங்களில் தேதியும் விலையும் அடிக்கும் மெஷின்கள் அந்த வழியில் வந்தவை. எழுத்துக்குத் தேவைப்படாத சொட்டுகளை ஒரு சிறு குழாய் பிடித்துத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். 1977இல் கேனனில் இச்சிரோ எண்டோ, சூடான சால்டரிங் அயர்ன் மை நிரம்பிய ஊசியில் பட்டுச் சொட்டு தெறித்ததைக் கண்டு வெப்பத்தால் துப்ப வைக்கும் முறையைத் தொடங்கினார்.

நம் பேனர் மெஷினின் வழி வேறு. மின்சாரம் பட்டதும் வளையும் பீசோ பீங்கானில் முடிபோல் மெல்லிய வாய்க்கால்களை வெட்டியிருப்பார்கள். தாராவி வீடுகளைப் போல இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே ஒரே பொதுச் சுவர். இவர் வீட்டில் ஆணி அடித்தால் அவர் வீட்டு ஷெல்ஃப் ஆடும். அதனால் பக்கத்துப் பக்கத்து நாசில்கள் ஒரே கணத்தில் சொட்டு விட முடியாது. மூன்று அணியாகப் பிரித்து முறை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சங்கதி. நாசில் வாயில் மையின் முகம் உள்வாங்கிய பிறைபோல நிற்கிறது. உள்ளே லேசான எதிரழுத்தம் இருப்பதால்தான் தானாக ஒழுகுவதில்லை. சொட்டு வேண்டும்போது சுவர்கள் மையை உடனே நெருக்குவதில்லை. முதலில் விரிந்து மையை உள்ளே இழுக்கின்றன. அந்த இழுப்பு ஓர் அழுத்த அலையாக வாய்க்காலில் ஓடி மோதித் திரும்புகிறது. திரும்பும் அதே கணத்தில் சுவர்கள் நெருக்குகின்றன. ஊஞ்சல் நம் பக்கம் வந்து நிற்கும் நொடியில் தள்ளினால்தானே உயரப் போகும்? இங்கே அந்த இடைவெளி நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு. அதில் கொஞ்சம் பிசகினாலும் சொட்டு வேகம் இழக்கும், அல்லது வெளியே வராமலே போகும். சொட்டு போன பிறகும் அலை ஆடிக்கொண்டிருக்கும். அதைத் தணிக்க எதிர்த் திசையில் இன்னொரு தட்டு கொடுத்தால்தான் அடுத்த சொட்டு ஒழுங்காக வரும்.

வெளியே வந்த சொட்டுக்கு வால் உண்டு. மை தண்ணியாக இருந்தால் அந்த வால் துண்டு துண்டாகி, தாய்ச் சொட்டின் பின்னால் குட்டிச் சொட்டுகளாக வரும். ஓடும் ஹெட்டின் அடியில் அவை தாமதமாக வந்து தள்ளி விழும். பேனரின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் விழாக் குழுவினர் பெயர்களில், மெய்யெழுத்தின் புள்ளி கரகரவென்று கசிந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மை கெட்டியானால் வால் அறுபடாமல் இழுக்கும். பாகுத்தன்மை, பரப்பு இழுவிசை, வேகம் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு முழுச் சொட்டு. நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பறந்தால் அதன் பயணம் முடிந்தது. கண் இமைக்கும் நேரத்தில் அப்படிப் பலநூறு பயணங்கள் நடந்து முடியும்.

ஜனவரிக் குளிரில் மை சற்றே கெட்டியாகும், மே மாதம் இளகும். ஹெட்டுக்குள் சூடேற்றி இருந்தாலும் ஆபரேட்டரின் கண் வேண்டியிருக்கிறது. அன்று அந்தத் தம்பி ஹெட்டில் மையை அழுத்திச் சொட்டவிட்டு, பஞ்சு உதிராத துணியை சால்வென்ட்டில் நனைத்து ஒரே திசையில் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. தேய்த்தால் நாசில் முகத்தில் கீறல் விழும். பிறகு டெஸ்ட் பிரிண்ட் அடித்து, வரிசையாக வந்த நீலக் கோடுகளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு நாசில்தான் சரியாகியிருந்தது. மறுபடி துடைத்தார். இராத்திரி கடை மூடும்போது நனைந்த துணியை ஹெட்டின் அடியில் அணைத்து வைத்துவிட்டுத்தான் போவாராம். இல்லாவிட்டால் வாயில் நிற்கும் மை விடிவதற்குள் காய்ந்துவிடும். பொறியாளர்கள் மைக்ரோ நொடியில் செய்த கணக்கு இந்த ஈரத்துணியை நம்பித்தான் மறுநாள் வேலை செய்கிறது.

பொங்கலன்று அந்த நீல வானம் 90 அடிச் சாலையில், வரிசையாகப் பொங்கிய பானைகளுக்கு மேலே ஆடியது. ஜூனில் போனபோது அந்தப் பேனரை ஒரு தகரக் கூரையின் மேல் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்திருந்தார்கள். மழைக்கு முன் பழைய பேனர்களைக் கூரைக்கு எடுத்து வைப்பது இங்கே வழக்கம். நீலம் இன்னும் நீலமாகவே இருந்தது.

ஆனால் சொட்டில் அந்த நீலம் சிறு பங்கு. பெரும்பங்கு சால்வென்ட். பேனர் காயக் காய அது ஆவியாகி அறைக்குள் பரவுகிறது. சைக்ளோஹெக்சனோன் போன்றவை கண்ணை எரிக்கும், தொண்டையை அறுக்கும், தலைவலியைக் கொடுக்கும். பகல் முழுக்க அந்தக் காற்றில் நிற்பவர்தான் நம் வானத்தில் கோடு விழாமல் பார்த்துக்கொள்கிறார். அடுத்த தடவை பேனர் அடிக்கப் போனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா, ஆபரேட்டர் கையில் கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் செய்வார்கள்.