பதிவகத்தில் தமிழ்: ஆணைக்கும் பதிவுக்கும் இடையே இருபது ஆண்டுகள்

காட்டாக்கடைப் பகுதியில் களப்பணிக்காகத் தங்கியிருந்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு குறுவட்டைக் கொடுத்தார். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் தாம் கேட்டு எழுதிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் 2001 வாக்கில் தட்டச்சு செய்து அதில் சேமித்திருந்தார். என் கணினியில் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியவில்லை. உரோமன் எழுத்துகளும் மேற்குறி இட்ட உயிர்களுமாகத் திரை நிறைந்திருந்தது. "எல்லாம் போயிற்றா, தம்பி?" என்று கேட்டார். கோப்புகள் கெடவில்லை. அவற்றைத் தமிழாகக் காட்டுவதற்குரிய எழுத்துருவும், அதனைக் குறித்த பதிவும் என் கணினியில் இல்லை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குப் பின்னால் ஒரு மொழி வரலாறு இருக்கிறது.

விண்டோஸ் இயங்குதளத்தில் 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பதிவகம், கணினியின் அமைப்புகள் அனைத்தும் எழுதப்பட்ட பேரேடு. 1992இல் விண்டோஸ் 3.1இல் கோப்பு வகைகளைக் குறித்துவைக்கும் சிறிய ஏடாகத் தொடங்கியது. 1993இல் வெளிவந்த என்டி, பின்னர் விண்டோஸ் 95 ஆகியவற்றில் பொதுப் பேரேடாக வளர்ந்தது. அதற்குமுன் அமைப்புகள் தனித்தனி உரைக்கோப்புகளில் சிதறிக் கிடந்தன. இப்பேரேட்டைக் கட்டளை வரியிலிருந்தே படிக்கவும் திருத்தவும் உதவும் 'ரெக்' என்னும் கருவி, 2001இல் எக்ஸ்பியுடன் இணைந்தே வந்தது. 'ரெக் குவெரி' படிப்பதற்கு. 'ரெக் ஆட்' எழுதுவதற்கு. 'ரெக் எக்ஸ்போர்ட்' படியெடுத்து வைப்பதற்கு.

மொழியியல் மாணவர்கள் ஒருமுறையேனும் பதிவகத்தின் மொழிப் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் அங்கே ஓர் எண் உண்டு. இந்தியத் தமிழுக்கு 0449, இலங்கைத் தமிழுக்கு 0849. இவை பதினாறடிமான எண்கள். நாம் எண்ணும் முறையில் இந்தியத் தமிழ் 1097, தெலுங்கு 1098, கன்னடம் 1099, மலையாளம் 1100. நான்கு திராவிட மொழிகளும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கின்றன. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் உரிய தமிழ் பிற்காலத்தில் பெயரளவில் சேர்க்கப்பட்டது. தனக்கென நிலையான எண்ணைப் பெறவில்லை.

எண் கிடைத்தவுடன் எழுத வழி பிறந்துவிடவில்லை. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000தான் 'லதா' எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியை முதலில் ஏற்றது. அதிலிருந்த தமிழ் விசைப்பலகை, 00000449 என்ற பதிவுக்குரியது, இன்ஸ்கிரிப்ட் முறையைச் சார்ந்தது. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அம்முறையில் புள்ளிக்குத் தனி விசையை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும்.

அதற்குச் சற்று முன்பே தமிழ்நாடு வேறொரு வழியை வகுத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூனில் அரசு 'தமிழ் 99' விசைப்பலகையையும் டாம், டேப் என்னும் எட்டுபிட்டுக் குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. தமிழ் 99இன் விதிகளில் தமிழின் ஒலியியல் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினம் வந்தாலும் அவ்வாறே. இரட்டித்தலும் இனவெழுத்துப் புணர்ச்சியும் விசைப்பலகைக்குள் விதியாகியிருக்கின்றன.

ஆயினும் அரசாணையில் இடம்பெற்ற தமிழ் 99, விண்டோஸின் பதிவகத்தில் உடனே இடம்பெறவில்லை. 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான் அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது. இன்று 00020449 தமிழ் 99க்கு உரியது. 00030449 அஞ்சல் முறைக்கு உரியது. ஆணைக்கும் பதிவுக்கும் இடையே இருபது ஆண்டுகள். அக்காலமெல்லாம் முரசு அஞ்சல், எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற வெளி மென்பொருள்களே தமிழைத் தட்டச்சுக்குள் வாழவைத்தன.

அவ்வாசிரியரின் குறுவட்டு அந்த இடைவெளியில் பிறந்தது. எட்டுபிட்டுக் குறியேற்றத்தில் எழுதிய கோப்பு தன்னைத் தமிழ் என்று சொல்லிக்கொள்வதில்லை. கணினிக்கு அது மேற்கு ஐரோப்பிய எழுத்து வரிசையே. எழுத்துருவின் பெயர் ஒன்றே அதன் தமிழ் அடையாளம். அப்பெயர் எந்த எழுத்துருக் கோப்பைச் சுட்டுகிறது என்பது பதிவகத்தின் 'பான்ட்ஸ்' கிளையில் எழுதப்பட்டிருக்கும். பழைய கணினியைக் கழித்துவிட்டால் அந்தச் செய்தியும் போய்விடும். நல்வாய்ப்பாக, குறுவட்டில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை டேப் குறியேற்றத்தில் இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. தனியார் குறியேற்றத்தில் இருந்த சில ஒப்பாரிகள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. அவற்றைப் பாடியவர்கள் இப்போது இல்லை என்றார் ஆசிரியர்.

1956இல் எல்லை வகுத்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கே தமிழ் பேசுவோர் இருந்தனர், இருக்கின்றனர். ஏட்டில் எங்கே எழுதப்படுகிறோம் என்பது வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே களப்பணி செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கணினி ஒன்றிலிருந்து தமிழ்க் கோப்புகளைப் படியெடுக்கும்போது, 'ரெக் எக்ஸ்போர்ட்' கட்டளையால் 'பான்ட்ஸ்' கிளையையும், 'கீபோர்டு லேயவுட்' கிளையையும் சேர்த்துப் படியெடுங்கள். அவை பட்டியல் மட்டுமே. எழுத்துருக் கோப்புகளையும் தனியே எடுத்து வையுங்கள். 'ரெக் ஆட்' கட்டளையைப் படியெடுக்காமல் ஒருபோதும் தொடாதீர்கள். தவறாக எழுதினால் கணினியே இயங்காமல் போகக்கூடும். ஓலைச்சுவடியைத் தேடிச் சென்றவர்கள் சுவடி கிடைத்த ஊரையும் எழுதி வைத்தார்கள். நம் காலத்துச் சுவடிக்கு அந்த ஊர்ப்பெயர் பதிவகத்தில் இருக்கிறது.