திறந்த மூல மென்பொருளின் வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா நாளன்றே முதன்முதலாக வீதிக்குக் கொண்டுவருவதில்லை. முன்னதாக ஒரு நாள் அதனை இழுத்துப் பார்ப்பர். அச்சு தாங்குகின்றதா, சக்கரம் தடையின்றி உருள்கின்றதா என ஆராய்வர். இதனை வெள்ளோட்டம் என வழங்குதல் தமிழ் மரபு. கணினி மென்பொருளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் இன்றியமையாதது. வணிக நிறுவனங்கள் ஊதியம் கொடுத்து இதற்கென ஆட்களை அமர்த்திக்கொள்கின்றன. மூல நிரலை எவரும் காணவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் திறந்த மூல மென்பொருளோ பெரிதும் தன்னார்வலரை நம்பி வளர்ந்தது. அத்தன்னார்வலரை வெள்ளோட்டத்திற்கு எவ்வாறு அழைப்பது என்பதை அத்துறை பல ஆண்டுகள் பட்டறிந்தே கற்றுக்கொண்டது.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றிக் கணினி ஆர்வலர்க்கு அறிவித்து, அதில் அவர்கள் விரும்பும் கூறுகள் யாவை எனக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதனைப் பயன்படுத்துவோரும் சோதிப்போரும் ஒருவரே. பிழை கண்டவர் எழுதி அனுப்புவார். அடுத்த பதிப்பு விரைவில் வெளிவரும். ஆகவே சோதனை என்பது தனியொரு பணியாகத் தோன்றவில்லை.

1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதன்பின் அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் லினக்ஸை நாடின. இவர்கள் இடையறாத இயக்கத்தை எதிர்பார்த்தனரேயன்றிப் புதுமையை அன்று. எனவே பதிப்புகள் இரு கிளைகளாகப் பிரிக்கப்பட்டன. பதிப்பெண்ணின் இரண்டாம் இலக்கம் இரட்டைப்படையாயின் அது நிலையான கிளை. ஒற்றைப்படையாயின் சோதனைக் கிளை. திட்டம் தெளிவானதே, ஆயினும் அதில் ஒரு குறை மறைந்திருந்தது. சோதனைக் கிளையைப் பெரும்பாலோர் தொடவில்லை; இரட்டை எண் வரட்டும் எனக் காத்திருந்தனர். அதனால் பல பிழைகள் நிலையான பதிப்பு வெளிவந்த பின்னரே தலைகாட்டின. நிலையான கிளையிலும் வெளியீட்டுக்கு முந்திய சோதனை போதவில்லை. 2001 நவம்பரில் வெளிவந்த 2.4.15 பதிப்பு, கோப்பு முறைமையையே சிதைக்கக்கூடிய பிழையைக் கொண்டிருந்தது. சில நாள்களுக்குள் 2.4.16 பதிப்பை வெளியிட்டு அதனைத் திருத்தவேண்டியதாயிற்று.

இப்படிப்பினை வீண்போகவில்லை. 2004இல் புதிய ஒற்றைப்படைக் கிளையைத் தொடங்குவதில்லை என முடிவாயிற்று. அடுத்த ஆண்டு முதல், ஏறத்தாழ இரண்டு வாரம் புதிய கூறுகளை ஏற்பது, பின்னர் வாரந்தோறும் முன்வெளியீட்டுப் பதிப்பு விடுத்துப் பிழைகளை மட்டும் களைவது என்னும் முறை நிலைபெற்றது. ஆண்டுக்கணக்கில் குவிந்த மாற்றங்களை ஒருங்கே விழுங்க நேர்ந்த நிலை மாறி, ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை சிறு கவளமாக அவை கிடைத்தன.

அதே 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவியும் சோதிப்போருக்குக் கைகொடுத்தது. ஆயிரம் மாற்றங்களுள் ஒன்று பிழையானது எனக் கொள்வோம். நடுவிலுள்ள பதிப்பைச் சோதித்தால் ஐந்நூறு கழியும். மீண்டும் நடுவைச் சோதித்தால் இருநூற்றைம்பது கழியும். இவ்வாறு ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் குற்றமுள்ள மாற்றம் அகப்படும். நிரலை ஒரு வரியும் படித்தறியாத தன்னார்வலரும் இதனைச் செய்யலாம்.

வேறு திட்டங்களும் தத்தம் வழியைக் கண்டன. 1993இல் தோன்றிய டெபியன், 2000ஆம் ஆண்டில் நிலையற்ற தொகுப்புக்கும் நிலையான தொகுப்புக்கும் இடையே சோதனைத் தொகுப்பு என ஒன்றை அமைத்தது. நிலையற்ற தொகுப்பில் சேர்ந்த மென்பொருள் குறித்த சில நாள்கள் புதிய கடும்பிழையின்றிக் கழிந்தால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறும்போது, அடுத்த படிக்கு ஏறும். அன்றாடப் பயன்பாடே இவ்வாறு சோதனையாயிற்று. ஃபெடோரா திட்டமோ ஒரு புதிய கூறுக்கு ஒரு நாள் எனச் சோதனை நாள்களை வகுத்தது. வன்தட்டைத் தொடாமலே இயங்கும் பதிப்பும், செய்யவேண்டிய படிகளின் பட்டியலும் தன்னார்வலருக்குத் தரப்பட்டன. ஐயம் எழுந்தால் விடையளிக்க அக்கூறினை உருவாக்கியவர்களும் இணைய அரட்டையில் காத்திருந்தனர்.

இம்முயற்சிகள் எத்துணை இன்றியமையாதவை என்பதை 2014ஆம் ஆண்டு உணர்த்திற்று. பார்ப்போர் பலராயின் பிழை மறையாது என்னும் கருத்தை 1997இல் எரிக் ரேமண்ட் பரப்பியிருந்தார். ஆயின், இணையத் தொடர்பைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 மார்ச்சில் வெளிவந்த ஒரு புதிய கூறு, எதிர்முனை அறிவித்த நீளத்தைச் சரிபாராமல் நம்பியது. பொய்யான நீளத்தைக் கூறியவர்க்குச் சேவைக் கணினியின் நினைவகத்திலிருந்த கடவுச்சொற்களும் மறைசாவிகளும் கசியக்கூடும். ஹார்ட்பிளீட் எனப் பெயர் பெற்ற இப்பிழை 2014 ஏப்ரல் 7ஆம் நாளே உலகுக்கு வெளிப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு மேலாக நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடந்தது. பொய்யான ஓர் எண்ணை இட்டுப் பார்க்கவேண்டும் என்பது மட்டும் உரிய காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

கதவு திறந்திருப்பதனாலேயே விருந்தினர் வந்துவிடுவதில்லை. சோதனைப்பணி சிறியதாகவும், தீங்கு பயவாததாகவும், படிகள் தெளிந்ததாகவும் இருத்தல் வேண்டும். பிழையை அறிவித்தவர்க்கு மறுமொழி கிடைத்தல் வேண்டும். தன்னார்வலர்க்கும் ஒரு கடமை உண்டு. என்ன செய்தோம், எதனை எதிர்பார்த்தோம், என்ன நிகழ்ந்தது என்னும் மூன்றையும் அவர் பிழையின்றி எழுதுதல் வேண்டும். அறிவியற் கூடத்தில் மாணவர் எழுதிப் பழகும் குறிப்பும் இத்தகையதே.

தேரின் வடம் பிடிப்போரை ஊர் காணும். சக்கரத்தின் அடியில் கட்டையிட்டு அதனை நெறிப்படுத்துவோரை அத்துணையாகக் காண்பதில்லை. அவர்கள் இன்றேல் தேர் நிலை சேராது.